மூட்டைக்கு ஒரு மகமை

ரயில்வேயில் 'டெமரேஜ்' என்றொரு சொல் புழங்குகிறது. சரக்கு வேகனை இறக்குவதற்காக நிறுத்திய பிறகு இத்தனை மணி நேரத்துக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும் என்று கெடு இருக்கும். கெடு தாண்டினால், வேகன் ஒன்றுக்கு மணிக்கு இவ்வளவு என்று சரக்குக்காரர் தண்டம் கட்ட வேண்டும். அதுதான் டெமரேஜ். இறக்கிய மூட்டைகளை மேடையிலிருந்து குறித்த நேரத்தில் எடுக்காவிட்டால் அதற்கு வேறொரு தண்டம். அதன் பெயர் 'வார்ஃபேஜ்'. ஆக, இரும்புப் பெட்டி சும்மா நின்றால் அதற்குக் காசு. சிமெண்டுத் தரை சும்மா அடைபட்டுக் கிடந்தால் அதற்கும் காசு. அந்த வேகன் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று காலையிலிருந்து அதே தரையில் குந்தியிருக்கிற மனிதனின் நேரத்துக்கு மட்டும் பெயரும் இல்லை, காசும் இல்லை.

அந்த நேரம் யாருடையது, அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

விருதுநகரில் பிரிந்து திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் போகும் பாதை 1927-இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. 2004-இல் அகலப் பாதையானது. செங்கோட்டைக்கு மேற்கே, மலையைத் தாண்டிப் புனலூர் வரைக்குமான பகுதி அகலமாகி முடிய 2018 ஆகிவிட்டது. என் தாத்தா மீட்டர் கேஜ் காலத்தில் இந்தப் பக்கத்துக் கேங்கில் வேலை பார்த்தவர். அவர் வாங்கிய பென்சனில்தான் என் அப்பா பள்ளிக்கூடம் முடித்தார். அப்பா படித்ததால் நான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரப்போகும் வாதத்துக்கு இதுதான் ஆதாரம்.

போன மாதம் ஒரு நாள் முழுக்க இந்தப் பாதையோரம் சுற்றினேன். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையம். ஊர் கிழக்கு வெயிலில் விழித்துக்கொண்டிருந்தது. மேற்கே மலை, நடுவில் கோபுரம். தண்டவாளத்தோரம் சுத்தியலும் ஸ்பேனருமாக ஒரு கீமேன் நடந்து வந்தார். ஒவ்வொரு நாளும் தன் பங்குக்கு உள்ள கிலோமீட்டர்களை நடந்து, தளர்ந்த கொக்கிகளைத் தட்டி இறுக்கிக்கொண்டே போவது அவர் வேலை. முப்பது வயதுக்குள் இருக்கும். பேச்சுக் கொடுத்தேன். வேறு மாவட்டத்துக்காரர். பொறியியல் பட்டதாரி. தேர்வு எழுதி வந்தவர். சாதியை நான் கேட்கவில்லை. அவரே பேச்சுவாக்கில் சொன்னார். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. "எங்க ஊர்ல இந்த வேலைன்னு சொன்னா பொண்ணு குடுக்க யோசிப்பாங்க சார். சென்ட்ரல் கவர்மெண்ட்டுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம்" என்று சிரித்தார்.

என் தாத்தா காலத்தில் கேங்கில் பொறியியல் பட்டதாரி கிடையாது. வேறு சாதிக்காரர்களும் மிகக் குறைவு. மேஸ்திரி வேண்டுமானால் வேறு சாதியாக இருப்பார். இப்போது நிலைமை வேறு. ரயில்வே 2019-இல் கடைநிலைப் பணிகளுக்கு 1,03,769 இடங்களை அறிவித்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். மாதச் சம்பளம், மருத்துவம், குடியிருப்பு, பாஸ் என்று வந்துவிட்டால் தண்டவாளத்தில் சுத்தியல் தூக்குவதற்கு எந்தச் சாதியும் கூச்சப்படுவதில்லை. 'குலத்தொழில்' என்று எழுதிவைத்த சாத்திரமெல்லாம் ஏழாவது ஊதியக் குழுவின் முன்னால் காணாமல் போய்விடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சாதி இறுகுவதும் இளகுவதும் கூலியின் தன்மையைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது.

பெயர்களும் மாறியிருக்கின்றன. கேங்மேன் இப்போது 'டிராக் மெயின்டெய்னர்'. 2022-இல் கார்டுக்கு 'ட்ரெயின் மேனேஜர்' என்று பெயர் சூட்டினார்கள். நல்லதுதான். மரியாதையான பெயர் யாருக்கும் கெடுதல் செய்யாது. மூட்டை தூக்குபவருக்கு மட்டும் புதுப்பெயர் வரவில்லை. வருவதற்கு முதலில் அவர் ஏதாவதொரு பதிவேட்டில் இருக்க வேண்டும்.

மதியம் ராஜபாளையம் வந்தேன். இந்தப் பாதையில் சரக்கு ரயில் அடிக்கடி கண்ணில் படாது. ஊருக்குள் வரும் பருத்திப் பொதியும் வெளியே போகும் நூலும் பேண்டேஜ் துணியும் பெரும்பாலும் லாரியில்தான் பயணம் செய்கின்றன. லெவல் கிராசிங்கில் கேட் விழும்போது நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். அன்றைக்கு எனக்கு அதிர்ஷ்டம். மூடிய வேகன்கள் கோத்த காலி ரேக் ஒன்று வந்து லூப் லைனில் நின்றது. எண்ணினேன், 42. பயணிகள் வண்டி ஒன்று எதிரில் வரும் வரை அது அங்கேயே நிற்க வேண்டும். ஒற்றைப் பாதையில் முன்னுரிமை வரிசை உண்டு: எக்ஸ்பிரஸ் முதலில், பாசஞ்சர் அடுத்து, சரக்கு கடைசி. ரயில்வேயின் வருமானத்தில் பெரும்பங்கு சரக்கிலிருந்துதான் வருகிறது. பயணிகள் கட்டணத்தில் விழும் பள்ளத்தை நிரப்புவதும் அதுதான். சோறு போடுகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற விதியைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு உடனே உவமை தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இரும்புக்கு நிற்பதில் வலி இல்லை. அந்த உவமையை அங்கேயே விட்டுவிட்டு வேகனின் பக்கவாட்டைப் படித்தேன்.

ஒவ்வொரு வேகனின் விலாவிலும் வெள்ளை எழுத்தில் ஒரு சாதகமே எழுதியிருக்கிறது. பதினொரு இலக்க எண். காலி எடை எவ்வளவு. எவ்வளவு சுமை ஏற்றலாம். அடுத்த பராமரிப்புக்கு எந்தத் தேதிக்குள் பணிமனைக்குத் திரும்ப வேண்டும். இந்த எண்ணைக் கணினியில் தட்டினால் நாட்டில் எந்த நிலையத்தில், எந்த லைனில் அது நிற்கிறது என்று சொல்லிவிடும். அளவுக்கு மேல் ஏற்றினால் அபராதம், தேதி தாண்டினால் ஓடக்கூடாது. ஒரு தகரப் பெட்டிக்கு இத்தனை அக்கறை.

இப்படியொரு ரேக்கில் ஏறத்தாழ 2,500 டன் சரக்கு ஏறும். 50 கிலோ மூட்டையாகக் கணக்குப் போட்டால் 50,000 மூட்டை. நூறு பேர் இறக்கினால் ஆளுக்கு 500. அதாவது ஒருவர் தலையிலும் முதுகிலுமாக 25 டன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் சுமை தூக்குவது குறித்து ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதனோடு சேர்ந்த பரிந்துரை சொல்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்றுக் கையெழுத்திட்டது 2010-இல், 43 ஆண்டு கழித்து. 50 கிலோ மூட்டை அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு மூட்டையின் எடையை உலகம் அளந்துவிட்டது. ஒரே ஆள் ஒரே இரவில் அதை எத்தனை தடவை தூக்குகிறார் என்பதை மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம் மட்டுமே அளக்கிறது.

அந்த நோட்டுப் புத்தகத்தை அன்று மாலை பார்த்தேன். எந்த ஊர்ச் சரக்குக் கொட்டகை என்று எழுதப்போவதில்லை. அங்கே பேசியவர்கள் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பேருந்தில் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான். அந்த இரண்டு ஊர்களின் ஓரத்திலுள்ள காலனிகளிலிருந்து ஆட்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். மூட்டைக் கூலி எவ்வளவு என்பதையும் எழுதவில்லை. எழுதினால் யார் சொன்னது என்று மறுநாளே தெரிந்துவிடும்.

ரேக் மதியம் வரும் என்று சொல்லிக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். நான் போன நேரத்தில் அறுபது, எழுபது பேர் மேடையில் இருந்தார்கள். சிலர் சும்மாட்டுத் துணியைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சீட்டு ஆடினார்கள். பெண்கள் ஆறேழு பேர் தனியாக, துடைப்பமும் சல்லடையும் வைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தார்கள். வேகன் காலியானதும் தரையில் சிந்திக் கிடப்பதைக் கூட்டி அள்ளிச் சலித்து எடுப்பது அவர்கள் வேலை. அதற்குக் கூலி கிடையாது. சலித்ததில் ஒரு பங்கு அவர்களுக்கு. அரிசி, கோதுமை வந்தால் வீட்டுக்கு ஏதோ மிஞ்சும். உரம் வந்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். "கண்ணெரிச்சல்" என்றார் ஓர் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்று செட்டாக ஆட்கள் வருகிறார்கள். செட்டுக்கு ஒரு மேஸ்திரி. செட் என்பது தெரு. தெரு என்பது சாதி. இதை யாரும் மறைத்துப் பேசவில்லை. அரிசி ரேக் வந்தால் முதலில் கூப்பிடுவது ஒரு செட்டை. உரமும் சிமெண்டும் வந்தால் அருந்ததியர் தெரு செட்டை. காரணம் கேட்டால் "அவங்களுக்குப் பழக்கம்" என்பது பதில். சிமெண்டுத் தூசி எந்த நுரையீரலுக்குப் பழக்கமாகும்? அரிசியைத் தொடவிடக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்ல இன்றைக்கு யாருக்கும் துணிச்சல் இல்லை. சொல்லத் தேவையும் இல்லை. வேலையைப் பங்கு போடுகிற விதத்திலேயே அது நடந்துவிடுகிறது.

டீ வந்தது. எல்லோருக்கும் காகிதக் குவளை. மேஸ்திரிக்கும் கொட்டகைக் குமாஸ்தாவுக்கும் கண்ணாடித் தம்ளர். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குடித்ததும் கசக்கி எறிகிற பொருளாக ஒரு குவளை மாறிக்கொண்டது, அவ்வளவே. கழுவுவது யார் என்ற சண்டையும் இல்லாமல் போயிற்று.

1941-இல் ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்றிருந்த ஏற்பாடு பெரியாரும் நீதிக்கட்சியும் தொடர்ந்து போராடியதால் ஒழிக்கப்பட்டது. நம் மேடைகளில் அதைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். பயணிகள் நடைமேடையில் சாதி அப்படி ஒழிக்கப்பட்டது. சரக்கு மேடை அதே நிலையத்தின் மறுபக்கம் இருக்கிறது. அங்கே நாம் போகவே இல்லை.

போனவர் ஒருவர் உண்டு. 1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டுக்கு அம்பேத்கர் தலைமை தாங்கினார். தொழிலாளருக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகள் என அவர் அறிவித்த மாநாடு அது. அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் எடுத்தாளுகிறார்கள். அதே உரையில் அவர் ரயில்வேயை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டினார் என்பதைப் படிப்பவர்கள் குறைவு. தீண்டப்படாதவர் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறார். போர்ட்டராகக்கூட அவரை உயர்த்துவதில்லை. ஏன்? போர்ட்டர் என்பவர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையையும் செய்ய வேண்டியிருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் சாதி இந்து. தீண்டப்படாதவரை வீட்டுக்குள் விடமாட்டார். விதிப் புத்தகத்தில் சாதி என்ற சொல்லே இல்லை. ஆனாலும் ஒரு பதவி உயர்வு ஒருவரின் சமையலறை வாசலில் வந்து நின்றுவிடுகிறது. தொழிற்சங்கம் கூலி உயர்வு கேட்கும், இந்த வாசலைப் பற்றிக் கேட்காது என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு கழித்தும் சரக்குக் கொட்டகையில் 'யாருக்கு அரிசி, யாருக்கு சிமெண்டு' என்று எந்தச் சங்கமும் கேட்டதாக அங்கிருந்தவர்களுக்கு நினைவில்லை.

இந்த மனிதர்களின் முதலாளி யார்? ஒரு முழு ரேக்கைப் பொறுத்தவரை ஏற்றுவதும் இறக்குவதும் அனுப்புபவர், பெறுபவர் பொறுப்பு. ரயில்வே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும், அவ்வளவுதான். ஆகவே ரயில்வே எங்கள் ஆட்கள் இல்லை என்கிறது. சரக்குக்காரர் ஒப்பந்தக்காரரைக் காட்டுகிறார். ஒப்பந்தக்காரர் மேஸ்திரியைக் காட்டுகிறார். மேஸ்திரியோ அவர்களில் ஒருவர், பக்கத்துத் தெருக்காரர், அதே கடனில் இருப்பவர். கடைசியில் காட்டுவதற்கு ஆளே இல்லை. 1995-இல் உச்சநீதிமன்றம் ரயில்வே பார்சல் போர்ட்டர்கள் தொடுத்த வழக்கில், நிரந்தரத் தன்மையுள்ள வேலையைத் தொடர்ந்து செய்துவந்தவர்களை ரயில்வே தன் ஊழியராக ஏற்க வழி காட்டியது. பார்சல் என்பது ரயில்வேயே கையாளும் சரக்கு என்பதால் அது முடிந்தது. மறுபக்கத்து மேடையில் அதே மூட்டையைத் தூக்குபவருக்கு அந்தத் தீர்ப்பு எட்டவில்லை. 2001-இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில், ஒப்பந்தமுறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்று அதே நீதிமன்றம் சொன்னபின் அந்த வாசலும் முக்கால் பங்கு மூடிவிட்டது.

1990-91-இல் இந்திய ரயில்வே ஏற்றிச் சென்ற சரக்கு ஏறத்தாழ 32 கோடி டன். 2023-24-இல் 159 கோடி டன். ஐந்து மடங்கு. அதே காலத்தில் ரயில்வே ஊழியர் எண்ணிக்கை பதினாறரை லட்சத்திலிருந்து சுமார் பன்னிரண்டு லட்சமாகக் குறைந்தது. எந்திரம் வந்தது, சமிக்ஞை மாறியது, நீராவி போய் மின்சாரம் வந்தது, எல்லாம் உண்மை. ஆனால் துப்புரவு, பராமரிப்பு, ஏற்றி இறக்கல் என்று மனிதக் கையே செய்தாக வேண்டிய வேலைகள் எங்கேயும் போய்விடவில்லை. சம்பளப் பட்டியலை விட்டு மட்டும் வெளியேறின. அதோடு இடஒதுக்கீட்டை விட்டும் வெளியேறின. ஒப்பந்தக்காரருக்குப் பதினைந்து விழுக்காடு, ஏழரை விழுக்காடு எதுவும் கிடையாது. ஆனால் ஒப்பந்தத் துப்புரவுப் பணியில் ஆள் எடுக்கும்போது நூறு விழுக்காடு ஒதுக்கீடு தானாக அமலாகிவிடுகிறது. தண்டவாளத்தில் மலம் அள்ளும் கொடுமைக்கு முடிவு கட்டக் காலக்கெடு வைத்துத் திட்டம் தீட்டும்படி 2014-இல் உச்சநீதிமன்றம் ரயில்வேக்கு உத்தரவிட்டது. சஃபாய் கரம்சாரி அந்தோலன் பத்தாண்டுக்கு மேல் நடத்திய வழக்கு அது. அந்த அமைப்புக்குக் கிடைத்த வெற்றியில் பாதி பயணிகள் பெட்டிக்கு அடியில் பொருத்திய பயோ டேங்க். மறுபாதி இன்னும் வரவில்லை.

ராஜபாளையத்தில் நின்றுகொண்டு இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. வகுப்புவாரி அரசாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் வழக்குத் தொடுத்தபோது சென்னை மாகாண முதல்வராக இருந்தவர் இந்த ஊரின் பூ.ச. குமாரசாமி ராஜா. காங்கிரஸ்காரர், காந்தியர். அவருடைய அரசு ஆணையைக் கைவிடாமல் நீதிமன்றத்தில் வாதாடியது, 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தில் தோற்றது. தமிழ்நாடு கொதித்தது, அதே ஆண்டு ஜூனில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தின் பயன் என் தாத்தாவின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. கொட்டகையில் படுத்திருக்கிறவரின் பிள்ளைக்குக் கிடைக்க அவர் பள்ளிக்கூடம் முடிக்க வேண்டும். முடிக்க வீட்டில் மாதா மாதம் ஏதோ ஒரு தொகை வர வேண்டும். 2009-இல் தமிழ்நாடு அருந்ததியருக்குக் கொடுத்த மூன்று விழுக்காட்டு உள்ஒதுக்கீடு 2024-இல் உச்சநீதிமன்றத்திலும் நிலைத்துவிட்டது. ஆனால் ரயில்வே ஒன்றிய அரசின் கையில். அங்கே அது செல்லாது.

சரி, என்னதான் செய்வது? இங்கேதான் நம் மாவட்டத்தின் பழைய கதை ஒன்றை எடுக்க வேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் பொதிமாட்டிலும் மாட்டுவண்டியிலும் சரக்கு கொண்டு போனார்கள். வழியில் கொள்ளை. தங்கிச் சரக்கை இறக்கிவைக்க இடம் கிடையாது. கோயிலுக்குள் விடாதவர்கள் சத்திரத்துக்குள் எப்படி விடுவார்கள்? ஆகவே தாங்களே பேட்டைகள் கட்டினார்கள். சுற்றுச்சுவர், கிணறு, கிட்டங்கி. அதன் செலவுக்கு, விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை பொதுவில் போட்டார்கள். அதுதான் மகமை. உறவின்முறை அதை வசூலித்து நிர்வகித்தது. 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் ஓடத் தொடங்கியபோது பருத்தி வணிகத்தில் விருதுபட்டி கையிருப்போடு தயாராக நின்றது. 1889-இல் அதே மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தார்கள், சத்திரிய வித்யாசாலா. பத்தாண்டு கழித்து, 1899-இல், கோயில் நுழைவு கேட்டதற்காகச் சிவகாசி பற்றி எரிந்தது. கமுதி வழக்கு 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. கோயிலில் தோற்றவர்கள் மூட்டையில் வென்றார்கள் என்று இதைச் சுருக்கலாம்.

இதை எடுத்துச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: அவர்கள் உழைத்து முன்னேறினார்கள், நீங்களும் முன்னேறுங்கள். கேட்டுக் கேட்டுப் புளித்த பதில். அந்த வரலாற்றில் உழைப்பு இருந்தது, யார் மறுத்தார்கள்? கூடவே பேட்டைச் சுவருக்குள் சரக்கின் மீது உரிமையும் இருந்தது. சரக்கு யாருடையதோ அவரிடமிருந்து மூட்டைக்கு ஒரு காசு பிரிந்து பொதுவில் சேர்ந்தது. அந்த மூட்டையை வண்டியில் ஏற்றியவருக்கு அன்றைய கூலி, அதோடு சரி. மகமையில் அவருக்குப் பங்கில்லை. உறவின்முறையில் அவர் உறவும் இல்லை.

அந்த முறையைத் தூக்குபவர் பக்கம் திருப்பிவைத்தால் என்ன? கற்பனை இல்லை இது. மராட்டியத்தில் 1969-இல் மாத்தாடி சட்டம் வந்தது. சுமைத் தொழிலாளி வாரியத்தில் பதிவு செய்துகொள்கிறார். சரக்குக்காரர் கூலியை மேஸ்திரியிடம் கொடுப்பதில்லை, வாரியத்தில் கட்டுகிறார். கூலிக்கு மேல் குறிப்பிட்ட விழுக்காடு கூடுதலாகவும் கட்டுகிறார். அதிலிருந்து வைப்பு நிதி, பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், மருத்துவம். மும்பையில் ரயில் சரக்கு வேலைக்கென்றே தனி வாரியம் அமைந்தது. முதலாளி யார் என்ற கண்ணாமூச்சிக்கு அந்தச் சட்டம் சொன்ன பதில் எளிமையானது: யாராக இருந்தால் என்ன, மூட்டை நகர்ந்தால் பணம் கட்டு. கேரளம் 1978-இல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. நம்முடைய நலவாரியம் திருமண உதவி, கல்வி உதவி, விபத்து இழப்பீடு, சிறு ஓய்வூதியம் தருகிறது. அதைச் சின்னது என்று தள்ள மாட்டேன். பல வீடுகளில் அதுதான் கடைசிக் கைப்பிடி. ஆனால் கூலி இன்னும் மேஸ்திரியின் நோட்டு வழியாகத்தான் வருகிறது. யாருக்கு அரிசி, யாருக்கு சிமெண்டு என்று முடிவு செய்வதும் அந்த நோட்டுதான்.

வாரியம் வந்தால் பதிவு வரிசைப்படி வேலை பிரியும். தெரு வாரியாகப் பிரியாது. காத்திருந்த நேரத்துக்கு டெமரேஜில் பாதியாவது தனியே கேட்கலாம். சரக்குக்காரர் வேகனுக்குக் கட்டும்போது முணுமுணுத்தாலும் கட்டத்தானே செய்கிறார்? ரயில் சரக்குக் கொட்டகைகளைத் தமிழ்நாட்டுச் சட்டத்துக்குள் இந்த வடிவில் கொண்டுவரச் சொல்லிச் சாதி ஒழிப்பு இயக்கங்கள் கேட்க வேண்டும். தொழிற்சங்கங்கள் மட்டும் கேட்டால் கூலி உயரும், செட்டுகள் அப்படியே இருக்கும். தனியார் சரக்கு முனையங்களுக்கு 2021 டிசம்பரிலிருந்து புதுக் கொள்கை வந்துவிட்டது. முனையங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. சுவர் எழும்பிவிட்ட பிறகு உள்ளே யார் தூக்குகிறார்கள் என்று எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

அன்று மாலை இதையெல்லாம் அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். நாற்பது ஆண்டாகத் தூக்குகிறவர். கழுத்துக்குப் பின்னால் தோல் காய்த்துப் பலகையாக இருந்தது. மீட்டர் கேஜ் காலத்தில் சிவகாசித் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றியதைச் சொன்னார், தலைக்குச் சுகமான சுமை என்று. மூட்டைக்கு இவ்வளவு என்று தனியாக எடுத்து வாரியத்தில் சேர்த்தால் பிள்ளைகள் படிப்புக்கு ஆகும், உங்கள் கடைசிக் காலத்துக்கும் ஆகும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. முன்னாடி நாங்களும் சீட்டுப் போட்டோம். பிடிச்ச ஆள் ஊரை விட்டே போயிட்டான். இந்த வாரியத்துல பணத்தை யாரு கையில குடுப்பீக?"

தொழிலாளர் தரப்பிலிருந்தும் உறுப்பினர்கள் இருப்பார்கள், அய்யா என்றேன்.

"அதுல எங்க தெரு ஆள் இருப்பானா?"